கோரைப்பல்லில் ஒரு கோடு

பெரியம்மா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, தரகர் மட்டும் வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பொண்ணு லட்சணமா இருக்குதுன்னுதான் சொன்னாங்க. பல்லுதான்... சரியா வெளக்காது போலிருக்கேன்னு அந்தம்மா கேட்டுச்சு." பெரியம்மா பதில் சொல்லவில்லை. அக்கா உள்ளே பஜ்ஜித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது என்பது தட்டு வைக்கும் சத்தம் நின்றதில் தெரிந்தது. எங்கள் குடும்பத்திலேயே பல் விளக்குவதில் அவளைப் போல அக்கறை உள்ளவர் யாரும் கிடையாது. காலையும் இரவும் பிரஷ். அதற்கு மேல் கல்லுப்பு, அடுப்புக்கரி, யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சைச் சாறு. இருந்தும் அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பு. ஓரத்தில் வெளிர் மஞ்சளாகத் தொடங்கி, நடுவில் காப்பித்தூள் நிறத்தில் குறுக்கே ஓடும் பட்டை. அங்கங்கே சின்னக் குழிகள்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. பல்லில் கறை இருந்தால் அழுக்கு, அழுக்கு என்றால் சோம்பல், சோம்பல் என்றால் வளர்ப்பு சரியில்லை. கறையிலிருந்து குணத்துக்குப் போய்ச் சேர ஒருவருக்கு அரை நிமிடம் கூட ஆகவில்லை. முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால் ஐயோ பாவம் என்பார்கள். பல்லில் தழும்பு இருந்தால் மட்டும் குற்றம் சாட்டுகிறோம்.

அக்கா பிறந்தது பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பல்லைப் பார்க்கலாம். ஊருக்குள் இருக்கும்வரை அது ஒரு குறையாகவே யாருக்கும் படாது, எல்லோருக்கும் அதே பல்தானே. பஸ் ஏறி ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போகும் நாளில்தான் தன் பல் வேறு மாதிரி என்று ஒருவருக்குத் தெரியவருகிறது. அப்புறம் வாயை மூடிச் சிரிக்கப் பழகுகிறார்கள். எங்கள் சொந்தத்தில் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால், அந்த ஊரில் வளர்ந்தவர்கள் ஒருவர் கூடப் பல் தெரியச் சிரித்திருக்க மாட்டார்கள். அக்காவின் தாய்மாமா பள்ளிக்கூடம் போன காலத்தில், வெளியூரிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் பையன்களை வரிசையில் நிறுத்திப் பல்லைக் காட்டச் சொல்வாராம். கறை இருந்தால் சாம்பல் போட்டு விளக்கிவிட்டு வா என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். மாமா போய் ரத்தம் வரும்வரை தேய்த்துவிட்டு வருவார். மறுநாளும் அதே பல்தான் இருக்கும்.

வெளியில் ஒட்டியது, உள்ளே ஊறியது

பல்லின் நிறம் மாற எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கு நம் பழக்கம்தான் பொறுப்பு, அதை மறுக்கவில்லை. டீ, காப்பியில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் பல்லின் மேல் இருக்கும் மெல்லிய உமிழ்நீர்ப் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். வெற்றிலை பாக்கு போடுகிறவர்களின் காவிப்பல்லும், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்குப் பல்லின் உட்புறம் ஏறும் கறுப்பும் அதே ரகம். சில கறைகள் மருந்தால் வருபவை. ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து டானிக் குழந்தைகளின் பல்லைக் கறுப்பாக்கும். ஈறு வீக்கத்துக்கு எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வாரக்கணக்கில் கொப்பளித்தால் பழுப்பு ஏறும். இவையெல்லாம் வெளியிலிருந்து வந்து ஒட்டியவை. பல் மருத்துவரிடம் போய் கிளீனிங் செய்தால் பெரும்பாலும் போய்விடும்.

உள்ளிருந்து வரும் நிறம் வேறு சங்கதி. வயதானவர்களின் பல் மஞ்சளாவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் எனாமல் ஒளி ஊடுருவக்கூடியது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு இயல்பிலேயே மஞ்சள். அறுபது வருடம் மென்று மென்று எனாமல் தேயத் தேய, அடியில் இருப்பது தெரிகிறது, டென்டினும் வயதோடு தடிக்கிறது. இதற்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சின்ன வயதில் விழுந்து அடிபட்ட ஒரே ஒரு முன்பல் மட்டும் சில வருடம் கழித்துச் சாம்பல் நிறமானால், உள்ளே ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம். டெட்ராசைக்ளின் என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தாராளமாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த மருந்து கால்சியத்தோடு சேர்ந்து வளரும் பல்லுக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் மஞ்சளாக இருந்து, வெளிச்சம் படப்படச் சாம்பலும் பழுப்புமாக மாறும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குவது அதனால்தான்.

அக்காவின் பல் இதில் எந்தச் சேர்த்தி என்பது எங்களுக்குப் பொத்தாம்பொதுவாகத் தெரியும். "அந்த ஊர் தண்ணி அப்படி" என்று பெரியம்மா சொல்லுவார். ஆனால் சொல்லும்போதே அந்தக் குரலில் ஒரு தயக்கம் இருக்கும். தம்பி கோயம்புத்தூரில் பிறந்தவன், அவன் பல் பளிச்சென்று இருக்கும். ஒரே வீடு, ஒரே பேஸ்ட். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "அவன் ஒழுங்கா வெளக்கறான், இவ வெளக்கறதில்ல" என்று ஒப்பிடுவார்கள். தண்ணீர் என்று சொன்னால் சாக்குப்போக்காகத் தோன்றிவிடுமோ என்ற கூச்சம் பெரியம்மாவுக்குக் கடைசிவரை போகவில்லை.

தட்டில் கிடந்த பல்

அந்தச் சம்பந்தம் தட்டிப்போன அடுத்த வருடம் அக்காவுக்கு ஞானப்பல் குத்தலெடுத்தது. கீழ்த்தாடையில் சாய்ந்து முளைத்து முன்னால் இருந்த பல்லை முட்டிக்கொண்டிருந்தது. துணைக்கு நான் போயிருந்தேன். மருத்துவர் நடுவயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். மரத்துப்போவதற்கு ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தபோது, மற்ற பற்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கோரைப்பல்லில் வந்து நின்றார். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்துவிட்டு அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்களுக்கு அஞ்சு வயசு வாக்குல ஊர் மாறினீங்களாம்மா?"

அக்காவால் வாயைத் திறந்தபடி தலையைத்தான் ஆட்ட முடிந்தது. நான்தான் சொன்னேன், பெரியப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்து கோயம்புத்தூர் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது என்று. அதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "அதான்" என்றார்.

என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு விளக்கை இறக்கிக் காட்டினார். முன்பற்கள் நுனியிலிருந்து ஈறுவரை முழுக்கப் பழுப்பு. அதை அடுத்துள்ள கோரைப்பல்லில் அப்படி இல்லை. கூர் நுனியிலிருந்து முக்கால் பாகம் சுண்ணாம்பு வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. ஈறை ஒட்டிய கால் பாகம் மட்டும் வழவழவென்று சாதாரணப் பல். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கோடு. வலப்புறக் கோரைப்பல்லில் எந்த உயரத்தில் அந்தக் கோடு இருந்ததோ, இடப்புறத்திலும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருந்தது. அவளோடு இத்தனை வருடம் பழகியும் அந்தக் கோட்டை நான் கவனித்ததே கிடையாது.

பல் நுனியிலிருந்து ஈறை நோக்கித்தான் உருவாகும் என்று அவர் விளக்கினார். தாடைக்குள் இருக்கும்போதே, முளைப்பதற்குப் பல வருடம் முன்பே, அதன் எனாமல் முழுதாக வார்க்கப்பட்டுவிடும். முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் தொடங்கி நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அதனால் அக்காவின் முன்பற்கள் முழுக்க முழுக்கக் கிராமத்துப் போர் தண்ணீரில் உருவானவை. கோரைப்பல் முடிய ஆறேழு வயதாகும். அதனால் முக்கால் பாகம் கிராமம், கால் பாகம் கோயம்புத்தூர். அந்தக் கோடு, அவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிய வருடம்.

பிறகு ஞானப்பல்லை எடுத்தார். எடுக்கச் சிரமமாகத்தான் இருந்தது, இரண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ரத்தத்தைக் கழுவி ஸ்டீல் தட்டில் போட்டார். அவ்வளவு சுத்தமான வெள்ளைப் பல். ஞானப்பல்லின் எனாமல் ஏழு வயதுக்கு மேல்தான் உருவாகவே தொடங்குகிறது, பதின்பருவத்தில்தான் முடிகிறது. அக்கா சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த வருடங்கள் அவை. மலையிலிருந்து வரும் தண்ணீர், தாதுக்கள் மிகக் குறைவு.

தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயின் கடைக்கோடியில், பிரஷ் எட்டாத இடத்தில், பாதி ஈறுக்குள் புதைந்து கிடந்த பல் மாசில்லாமல் இருக்கிறது. முப்பது வருடமாகத் தினமும் இரண்டு வேளை தேய்க்கப்பட்ட முன்பல் பழுப்பாக இருக்கிறது. விளக்காததால் வந்த கறை என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும். அழுக்கு படிவதும் ஈறோரத்தில்தான். அங்கேதான் அவள் கோரைப்பல் சுத்தமாக இருந்தது. தரகர் கொண்டுவந்த கேள்விக்குப் பதில் அவள் வாய்க்குள்ளேயே எழுதி இருந்திருக்கிறது.

முளைக்கும்போது வெள்ளை

அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் என்னை மிகவும் பாதித்த விஷயம் ஒன்று. எனாமலை உருவாக்கும் செல்கள் முதலில் புரதத்தால் ஒரு சாரம் கட்டும். பிறகு அந்தப் புரதத்தை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தாது உப்புகள் இறுகி நிறையும். அக்கா ஊர்த் தண்ணீரில் கரைந்திருப்பது ஃபுளோரைடு என்ற தாது உப்பு. குடிக்கும் தண்ணீர் வழியாக உடம்பில் அது அதிகமானால் புரதம் அகலுவது தாமதப்படுகிறது. பல்லின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நுண்ணிய துளைகள் நிரம்பாமலே நின்றுவிடுகின்றன. அந்தத் துளைகளில் ஒளி சிதறுவதால் பல் சுண்ணாம்பு பூசியது போல மங்கிய வெள்ளையாக இருக்கும். அந்தப் பல் முளைக்கும்போது பழுப்பாக முளைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு ஏழு வயதில் வெள்ளையாகத்தான் வெளியே வருகிறது. பிறகு வருடக்கணக்கில் டீயும் குழம்பும் அந்தத் துளைகளுக்குள் மெல்ல மெல்ல இறங்கிப் பழுப்பாகிறது.

இதனால்தான் பழி பிள்ளையின் மேல் விழுகிறது. பெற்றவர்கள் தங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், பல் வெள்ளையாகத்தான் முளைத்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் பழுப்பாகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பிள்ளை ஒழுங்காக விளக்கவில்லை என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் காரணம். உண்மையான காரணம் அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது வைத்த கஞ்சியில் கலந்துபோய்விட்டது. பால் பற்களில் பெரும்பகுதி தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுவதால் அவை பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. குழந்தைப் பருவத்தில் முத்துப் போல இருந்த பல் பெரியவளானதும் கெட்டுவிட்டது என்ற எண்ணத்தை அதுவும் உறுதிப்படுத்துகிறது.

ஃபுளோரைடைப் பற்றிப் பேசினாலே பேஸ்ட்டைப் பற்றிய பயமும் வந்துவிடும், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முளைத்து முடிந்த பல்லின் மேல் ஃபுளோரைடு பேஸ்ட் தேய்த்துத் துப்புவதால் இந்தக் கறை வராது. அது சொத்தையைத் தடுக்கும். துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகள் விழுங்குவதுதான் பிரச்சினை. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்கத் தேவையில்லை.

கொலராடோவில் கேட்ட அதே வசை

1901-ல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்பாக இருந்தன. ஊர்க்காரர்கள் பன்றிக்கறி அதிகம் சாப்பிடுவதால் என்றார்கள், மட்டமான பால் என்றார்கள், தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றும் சிலர் சொன்னார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது அல்லவா? மெக்கே முப்பது வருடம் இதை விடவில்லை. அன்றைய பெரிய பல் மருத்துவ நிபுணரான ஜி. வி. பிளாக் 1909-ல் வந்து சேர்ந்துகொண்டார். பல் முளைத்து முடிந்த பிறகு அந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கறை பிடிப்பதில்லை, எனாமல் உருவாகும் வயதில் அங்கே இருந்த பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

1923-ல் மெக்கே ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சின்ன ஊருக்குப் போனார். தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல் இப்படி ஆகிறது என்று அங்கிருந்த பெற்றோர்கள் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்ததில் சந்தேகப்படும்படி எதுவும் தென்படவில்லை. ஆனாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றிலிருந்து தண்ணீர் எடுங்கள் என்றார், அவர்களும் செய்தார்கள். சில வருடங்களில் அடுத்த பிள்ளைகளுக்கு நல்ல பல் முளைத்தது. தண்ணீரில் இருந்தது ஃபுளோரைடு என்பதை 1931-ல்தான் அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில் கண்டுபிடித்தார். பெயர் தெரிவதற்கு முன்பே தண்ணீரை மாற்றிய ஓக்லி ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது. தாங்கள் பார்த்ததை அவர்கள் நம்பினார்கள். அதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார்.

நம் பக்கமும் ரொம்பப் பின்தங்கியிருக்கவில்லை. 1937-லேயே அன்றைய மதராஸ் மாகாணத்தில் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஷார்ட்டும் அவரோடு சேர்ந்த மருத்துவர்களும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பல் மட்டுமல்ல, நீண்ட காலம் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களின் முதுகும் மூட்டும் இறுகிப்போவதையும் பதிவு செய்தார்கள். தெலுங்கானாவின் நல்கொண்டா இன்றும் அதற்குப் பெயர்போன இடம். படிகாரத்தையும் சுண்ணாம்பையும் போட்டு ஃபுளோரைடை இறக்கும் முறைக்கே நல்கொண்டாவின் பெயர்தான்.

தருமபுரியில் தவறு யாருடையது என்று கேட்டால், முதல் பதில் பாறை. கிரானைட், நைஸ் வகைக் கடினப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த தாதுக்கள் உண்டு. மழைநீர் பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தங்கும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இரண்டாவது பதில் ஆழம். திறந்த கிணறுகள் வற்றி, ஐந்நூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போட்டு, பாறைக்குள் காலகாலமாகத் தங்கிய தண்ணீரை எடுத்துக் குடிக்கிறோம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வெயில் அதிகமான ஊரில் ஆள் ஒன்றுக்குக் குடிக்கும் தண்ணீரும் அதிகம் என்பதால் அந்த 1.5 கூட நமக்கு அதிகம்தான் என்று நினைக்கிறேன். குடிப்பது மட்டுமா, எங்கள் பக்கத்துக் களி வேகுவதே தண்ணீரில்தான். கேழ்வரகில் கால்சியம் இருப்பது ஒரு வகையில் நல்லது, கால்சியம் ஃபுளோரைடைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலும் சத்தான சாப்பாடும் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள்தான் இதிலும் அதிகம் அடிபடுகிறார்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனில், ஏறத்தாழ 1,900 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடுவதைத்தான் ஃபுளோரோசிஸ் என்கிறார்கள். பல்லுக்காகவும் எலும்புக்காகவும் ஒரு ஆற்று நீரை மலையேற்றிக் கொண்டுவந்த திட்டம். அதை நான் மனதாரப் போற்றுகிறேன். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் ஒரு ஊரில் ஆற்றுத் தண்ணீர் போதாத நாட்களில் போர் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். குழாயில் வருவது எத்தனை பங்கு காவேரி, எத்தனை பங்கு பாறை என்று திறந்து பிடிக்கிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. கரிசனமுள்ள தாய்மார்கள் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டுவதால் மிச்சமுள்ள தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். இதை ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தேய்த்துப் போகாது

அக்காவிடம் அந்த மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னது கரியையும் எலுமிச்சையையும் நிறுத்தச் சொல்லித்தான். புளிப்பு எனாமலை இளக்கும், கரித்தூள் இளகியதைத் தேய்த்து எடுத்துவிடும். ஏற்கனவே பலவீனமான எனாமல். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே அவளுக்குச் சுரீரென்று பல் கூசுவது அதனால்தான். பிளீச்சிங் பற்றியும் கேட்டோம். பெராக்சைடு துளைகளுக்குள் இறங்கிப் பழுப்பைச் சிதைக்கும், ஆனால் அடியில் இருக்கும் சுண்ணாம்புத் திட்டுகள் சில சமயம் இன்னும் எடுப்பாகத் தெரியும் என்றார். மேலோட்டமான கறைக்கு அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்த பசையால் எனாமலின் மேல்தோலை மிக மெல்லிதாகச் சீவுவது உண்டு. ஆழமான கறைக்கும் குழிக்கும் பல் நிறத்தில் காம்போசிட் என்ற பிசினைப் பூசுவது, வெனீர் என்ற மெல்லிய தகட்டை ஒட்டுவது, மிக மோசமானால் உறை போடுவது. அக்கா மேல்வரிசை முன்பற்களுக்குக் காம்போசிட் போட்டுக்கொண்டாள். அதற்கு அவள் செலவழித்தது சொந்தச் சம்பளம். அதற்கு முன்பே அவளுக்குப் பிடித்த ஒருவரோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். அவருக்கும் பாலக்கோட்டுப் பல்.

இப்போது அவர்கள் குடியிருப்பது கிருஷ்ணகிரி பக்கம். வீட்டில் போர் தண்ணீர். மகளுக்கு மூன்று வயது. சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்த பையன் மீட்டரைத் தண்ணீரில் முக்கி எண்ணைக் காட்டியிருக்கிறான். அக்கா அவனிடம் கேட்டது, இதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று. அந்த மீட்டர் மொத்தமாகக் கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும், ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. எண் குறைவாக இருக்கும் தண்ணீரிலும் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டி இருக்கலாம். அவள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டணம் கட்டிச் சோதித்தாள். வரம்புக்கு மேல்தான் இருந்தது. ஆர்.ஓ. முறை ஃபுளோரைடைக் குறைக்கும் என்பதால் அந்த இயந்திரத்தை வாங்கினாள். குடிக்க மட்டுமல்ல, பிள்ளைக்குச் சோறும் களியும் ஆக்குவதும் அந்தத் தண்ணீரில்தான். கோடையில் போரில் மட்டம் இறங்கும்போது இன்னொரு முறை சோதிக்க வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள்.

எல்லோராலும் இயந்திரம் வாங்க முடியாது. பிறந்ததிலிருந்து எட்டு வயதுவரை, அதிலும் முதல் மூன்று நான்கு வருடங்கள்தான் முன்பல்லுக்கு முக்கியம். இந்த வயதுப் பிள்ளைகள் பகலில் இருப்பது அங்கன்வாடியில். அங்கே சத்துமாவு கரைப்பதும் சாதம் வடிப்பதும் எந்தத் தண்ணீரில்? அந்தத் தொட்டியில் ஃபுளோரைடு எவ்வளவு, கடைசியாகச் சோதித்தது எந்தத் தேதி? இந்த இரண்டையும் அங்கன்வாடிச் சுவரில், எடை அட்டவணைக்குப் பக்கத்தில், பெயிண்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள். மனு எப்படி எழுதுவது என்று கேட்டால் அக்கா எழுதிய மனுவை அனுப்பித் தருகிறேன்.